யாரோடை சாப்பிட்டனீர்?

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் உயர்தர மாணவியருக்காக ஒழுங்கு செய்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



மருத்துவ பீடத்துக்குப் போவதற்கு எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படிதான் சங்கத்தினர் முதலில் கேட்டார்கள். அதைச் சொல்லித்தர இந்தக் கல்லூரியில் எங்களை விடத் தகுதியான ஆசிரியைகள் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் வருடத்தைப் பற்றித்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. அதிலும், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகின்ற பிள்ளைக்கு அந்த வருடம் எப்படி இருக்கும் என்பதை இங்கே பேசலாம் என்று கேட்டுக்கொண்டோம். சங்கத்தினர் பெரிய மனதோடு சம்மதித்தார்கள்.

"நாங்கள்" என்று சொல்வது யாரை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2002ஆம் ஆண்டு எங்கள் வகுப்பிலிருந்து பேராதனை மருத்துவ பீடத்துக்கு நால்வர் போனோம். ஒருவர் இன்று மட்டக்களப்பில் குழந்தை மருத்துவர். ஒருவர் இலண்டனில், ஒருவர் மெல்பேணில். மற்றவர் உங்கள் முன் நிற்கிறார். நால்வரும் இரண்டு இரவுகள் தொலைபேசியில் கூடிக் கதைத்துத்தான் இந்த உரையை ஒழுங்கு செய்தோம். ஆகவே இது நால்வரின் பேச்சு.

நாங்கள் நால்வரும் கூச்சக்காரிகள். இந்தக் கல்லூரியில் அது ஒரு குறையாக இருக்கவில்லை. தேர்ச்சி அறிக்கையில் "அமைதியானவர், அடக்கமானவர்" என்று எழுதினார்கள். வீட்டில் அதை வாசித்துக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். கேட்டால் பதில் சொல்வோம். கேளாமல் பேச மாட்டோம். ஆறாம் வகுப்பிலிருந்து எங்களைக் கண்டு வந்த ஆசிரியைகளுக்கு எங்கள் முகத்தைப் பார்த்தாலே விளங்கியதா, விளங்கவில்லையா என்று தெரிந்துவிடும். எங்கள் மௌனத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். அதனால் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் அந்த மௌனத்தை வாசிக்க யாருமில்லை. அங்கே பேசாமல் இருந்தால் ஒருவர் "இவவுக்கு விளங்கவில்லை" என்று நினைப்பார். இன்னொருவர் "படிப்பில் அக்கறையில்லை" என்று நினைப்பார். மூன்றாமவர் "தலைக்கனம்" என்பார். மூன்றும் எங்களைப் பற்றிச் சொல்லப்பட்டன என்பது இரண்டு வருடம் கழித்து, அப்படிச் சொன்னவர்கள் நெருங்கிய தோழியரான பிறகு, அவர்கள் வாயாலேயே தெரியவந்தது.

எங்கள் காலத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதற்கு முன் தெற்கே போவதென்றால் விமானம் அல்லது கப்பல். நாங்கள் முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறி, பெட்டி படுக்கைகளைத் திறந்து காட்டி, வவுனியா வழியாகக் கண்டிக்குப் போனவர்கள். குடாநாட்டை விட்டு அதுவரை வெளியே போயிராதவர்களும் எங்களில் இருந்தார்கள். சிங்களம் தெரியாது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பேசிப் பழக்கமில்லை.

உயிரியலைத் தமிழில் படித்திருந்தோம். சோணையறை, இதயவறை என்று படித்த இதயத்தை ஏட்ரியம், வென்ட்ரிக்கிள் என்றார்கள். சிறுநீரகத்தி என்று படம் கீறிப் பாகம் குறித்துப் புள்ளி வாங்கிய அதே அமைப்பு நெப்ரோன் என்ற பெயரில் வந்து நின்றது. விடயம் தெரியும், அதன் பெயர் தெரியாது என்ற நிலை. ஏற்கெனவே கூச்சம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய சாட்டாகிவிடும். "பிழையாகச் சொல்லிவிடுவேனோ" என்ற பயத்தோடு "பிழையாக உச்சரித்துவிடுவேனோ" என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இடத்தில் வைத்தியராக ஒரு விடயம் சொல்ல வேண்டும். கூச்சம் வரும்போது நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது, கை நடுங்குகிறது, முகம் சிவக்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கும் சிறிய சுரப்பியிலிருந்து அதிரினலீன் இரத்தத்தில் கலப்பதால் வருகின்ற மாற்றங்கள் இவை. நாய் துரத்தினால் ஓடுவதற்கு உடம்பு செய்யும் அதே ஆயத்தம்தான். கேள்வி கேட்கக் கையை உயர்த்தும்போதும் உடம்பு அதையே செய்கிறது. நாய்க்கும் விரிவுரையாளருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த இடத்தை விட்டு ஓடாமல் கொஞ்ச நேரம் நின்றால் படபடப்பு உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். ஓடிவிட்டால் உடனே ஆறுதல் கிடைக்கும். ஆனால், ஓடியதால்தான் தப்பினோம் என்று மூளை படித்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் முந்தியே ஓடச் சொல்லும். இப்படித்தான் கையை உயர்த்தக் கூசியவள் பிறகு முன் வரிசையில் இருக்கக் கூசுகிறாள், பிறகு விரிவுரைக்கே போகக் கூசுகிறாள்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிலிப் சிம்பார்டோ என்ற உளவியலாளர் 1970களில் கூச்சத்தைப் பற்றி ஆராய்ந்தார். தம்மைக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் பத்துப் பேரில் நால்வர் அளவில் இருந்தார்கள். அப்படியானால் விரிவுரை மண்டபத்தில் உங்களைப் போலவே "எல்லோருக்கும் எல்லாம் தெரியும், எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் ஒரு வரிசைக்கே இருப்பார்கள். அவர்களும் பேச மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு அவர்களைத் தெரியாமல் போகிறது.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். முதல் மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் எங்களுக்குப் பெரிய பரீட்சையாக இருந்தது. கன்ரீனுக்குள் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், என்ன வேண்டும் என்று தெரியாத பாசையில் சொல்ல வேண்டும், பிறகு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசையில் இருப்பது என்று எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். அதைவிட விடுதி அறைக்குப் போய் மாரி பிஸ்கட்டும் தேநீரும் குடிப்பது சுகம் என்று நால்வருமாகத் தீர்மானித்தோம். ஒருவர் அறையில் நால்வரும் கூடுவோம். ஊர்க் கதை கதைப்போம். சிரிப்போம். ஒரு மணிக்குத் திரும்பி ஓடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள கொமியூனிக்கேஷன் கடையில் அம்மாமார் வந்து காத்திருப்பார்கள். மூன்று நிமிடம் கதைப்போம். "சாப்பிட்டியோ?" "ஓம் அம்மா." "படிப்பு?" "ஓம், பரவாயில்லை." பொய் ஒன்றும் இல்லை. சாப்பிட்டோம்தான்.

எங்கள் கல்லூரியின் பழைய மாணவி ஒருவர் அப்போது கலைப்பீடத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். நாலாவது கிழமை அவர் எங்களைத் தேடி விடுதிக்கு வந்தார். படிப்பு எப்படி, வசதி எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. "இண்டைக்கு மத்தியானம் யாரோடை சாப்பிட்டனீர்?" என்று கேட்டார்.

"நாங்கள் நாலு பேரும்தான் அக்கா."

"அது தெரியும். வேற யாரோடை?"

அந்தக் கேள்விக்கு "ஓம், பரவாயில்லை" என்று பதில் சொல்ல முடியாது. பெயர் சொல்ல வேண்டும். எங்களிடம் சொல்லப் பெயர் ஒன்றும் இருக்கவில்லை.

அக்கா புத்திமதி சொல்லவில்லை. "நாளைக்குப் பன்னிரண்டரைக்குக் கன்ரீன் வாசலில் நிற்பன். நாலு பேரும் ஒரு மேசையில் இருக்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்து நின்றார். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மேசையில் கொண்டுபோய் இருத்தினார். "இவ என்ரை தங்கச்சி, ஃபெஸ்ட் இயர்" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டார். நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. வரத் தேவையிருக்கவில்லை.

நாங்கள் நால்வரும் பிரிந்துவிடவில்லை. இருபது வருடங்களுக்குப் பிறகும் இரவிரவாகக் கதைக்கிறோம். ஆனால் எங்களுக்குள் மட்டுமே இருந்திருந்தால், அந்தச் சிறு அறை ஐந்து வருடத்துக்கும் எங்கள் பல்கலைக்கழகமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு எங்களுக்கு உதவியவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். தங்கைமாரே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கூச்சக்காரிக்கு "துணிவாக இரு" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அவளுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும்.

உடற்கூற்றியல் ஆய்வுகூடத்தில், தம் உடலைத் தானம் செய்த ஒருவரைச் சுற்றி ஒரு சிறு குழுவாக நின்று படிப்போம். அப்போது கன்னிங்ஹாமின் செய்முறைக் கைந்நூலை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் அதன்படி வெட்டிப் பிரித்துப் பார்ப்பார்கள். வாசிக்கும் வேலையை எங்களில் ஒருவரிடம் கொடுத்தார்கள். சொந்தமாக ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. புத்தகத்தில் உள்ளதை வாசித்தால் போதும். முதல் நாள் குரல் மேசையைத் தாண்டவில்லை. பக்கத்தில் நின்ற கண்டிப் பிள்ளை உச்சரிப்பைத் திருத்தித் தந்தாள். மூன்றாம் கிழமை பக்கத்து மேசைக்கும் கேட்டது. பதிலுக்கு அவள் எங்களிடம் "எங்கே நோகுது?" என்று தமிழில் கேட்கப் பழகினாள். நாங்கள் அவளிடம் "கொஹேத ரிதென்னே?" என்று கேட்கப் பழகினோம். இன்றும் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இன்னொருவருக்குத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' மலருக்கு அச்சுப்பிழை பார்க்கும் வேலை கிடைத்தது. இன்னொருவர் குறிஞ்சிக் குமரன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மாலை கட்டப் போனார். கை ஒரு வேலையில் இருக்கும்போது கண்ணைப் பார்க்கத் தேவையில்லை. கதை தன்பாட்டில் வரும். எங்கள் அம்மாமார் அரிசி புடைத்துக்கொண்டும் தேங்காய் துருவிக்கொண்டும் கதைத்தது போலத்தான்.

பிறகு குப்பி. பல்கலைக்கழகப் பேச்சில் குப்பி என்றால், விளங்கிய மாணவர் விளங்காதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பது. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே விளக்கு வெளிச்சத்தில் படித்து வந்த எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. முதலில் கேட்கப் போனோம். இரண்டாம் தவணையில் உயிரிரசாயனவியலில் ஒரு பாடத்தை நாங்களே ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம். இருநூறு பேருக்கு முன்னால் பேச முடியாதவருக்கு ஐந்து பேருக்கு முன்னால் பேச முடியும். ஐந்து பேருக்கும் முடியாவிட்டால் ஒருவரிடம் முடியும். விரிவுரையில் கையை உயர்த்த முடியாவிட்டால், கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விரிவுரை முடிந்ததும் வாசலில் நின்று கேளுங்கள். கிழமைக்கு ஒரு கேள்வி போதும். எழுதியிருப்பதை வாசித்தாலும் அது கேள்விதான்.

கூச்சம் எங்களை விட்டுப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இந்த உரைக்காக இங்கே ஏற முன்னும் நெஞ்சு படபடத்தது. அது வரும், இறங்கும் என்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூச்சம் நல்லது, கூச்சக்காரிகள் நன்றாகக் கேட்பார்கள், அதனால் நல்ல வைத்தியராவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு; ஆனால் பாதி உண்மைதான். நடு இரவில் வார்ட்டில், தொலைபேசியில் சொல்லப்பட்ட மருந்தின் அளவு சரியாகக் கேட்காவிட்டால், "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்டே ஆக வேண்டும். அங்கே கூச்சத்துக்கு விலை கொடுப்பது நோயாளி. பொறியியலிலும் அப்படித்தான், சட்டத்திலும் அப்படித்தான், வகுப்பில் பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியைக்கும் அப்படித்தான். முதல் வருடத்தில் பழக வேண்டிய முக்கியமான பாடம், தெரியாததைத் தெரியாது என்று வாய் திறந்து சொல்வது.

இனி, கூச்சம் என்று நினைத்து விட்டுவிடக்கூடாத சில விடயங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றுகிறது என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மனிதர்களுக்கு முன் வரும் பயம் மாதக்கணக்காக நீடித்து, விரிவுரைக்கும் பரீட்சைக்கும் போக விடாமல் தடுக்கிறது என்றால், அதுவும் வைத்தியத்தால் குணமாகக் கூடிய ஒரு நிலை. இரண்டுக்கும் பேச்சு மூலமான சிகிச்சையும் உண்டு, தேவையானால் மருந்தும் உண்டு. பல்கலைக்கழகத்தில் மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை இப்போதே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனால் கலியாணம் பேச முடியாது என்று வீட்டில் யாராவது சொன்னால், எங்களிடம் அனுப்பிவையுங்கள், நாங்கள் கதைக்கிறோம்.

பகிடிவதையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை இந்நாட்டில் குற்றம். "கூச்சத்தைப் போக்கத்தான் செய்கிறோம்" என்று சொல்வார்கள். பயமுறுத்தினால் கூச்சம் போகாது, பயம்தான் கூடும். ஏனென்று மேலே சொன்ன அதிரினலீன் கதையிலேயே விளங்கும். சத்தம் போட்டு எதிர்க்க முடியாத பிள்ளைகள்தான் இதில் கூடுதலாக அகப்படுகிறார்கள். பல்கலைக்கழக நிர்வாகத்திடமும் மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள்; வீட்டுக்குச் சொல்லுங்கள்; எங்களில் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "ஏன் பிள்ளை நீ ஒருத்தரோடும் கதைக்கிறேல்லை?" என்று விருந்தினர் முன்னால் கேட்காதீர்கள். கடைக்கு அனுப்புங்கள். வங்கியில் படிவத்தை அவளே நிரப்பிக் கொடுக்கட்டும். பஸ்ஸில் மிச்சக் காசை அவளே கேட்டு வாங்கட்டும். பல்கலைக்கழகம் போகுமுன் இருக்கிற இந்த மாதங்கள் அதற்கு நல்ல காலம்.

கடைசியாக, உலகம் முழுவதும் பரந்திருக்கும் பழைய மாணவிகளான உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டில் நாம் கல்லூரிக்குக் கட்டடம் கொடுத்தோம், கணினி கொடுத்தோம், புலமைப்பரிசில் கொடுத்தோம். அவை தொடர வேண்டும். அவற்றோடு காசு செலவில்லாத ஒன்றையும் சேர்ப்போம். ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகம் போகும் மாணவியரின் பெயரைக் கல்லூரியிலிருந்து பெற்று, ஒவ்வொருவருக்கும் ஓர் அக்காவை ஒழுங்கு செய்வோம். அந்த ஊரிலேயே இருக்கும் அக்கா கிடைத்தால் நேரில் போகலாம். இல்லாவிட்டால் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் அழைக்கலாம். முதல் கிழமை வேண்டாம். அப்போது வீட்டாரின் அழைப்பும் புது இடத்தின் பராக்கும் இருக்கும். நாலாவது கிழமை அழையுங்கள். தனிமை அப்போதுதான் தெரியத் தொடங்கும். பிறகு மாதம் ஒரு முறை, வருடம் முடியும்வரை.

என்ன கதைப்பது என்று யோசிக்க வேண்டாம். எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி என்று கேட்க வேண்டாம். யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் சந்தோசப்படுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னும் கேளுங்கள். பெயர் வராவிட்டால் அடுத்த கிழமையும் அழையுங்கள்.

நால்வரும் எங்கள் பெயர்களை இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். பேராதனைக்கு ஒருவர், மட்டக்களப்புக்கு ஒருவர், மற்ற இருவர் எங்கே ஆள் தேவையோ அங்கே. வெளியே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணம், கொழும்பு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, களனி, மொறட்டுவை, ருகுணு, வவுனியா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். தேநீருக்குப் போகுமுன் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். இந்த மலரைத் தூர தேசங்களில் வாசிப்பவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். அந்தப் பக்கங்களில் இன்னும் இடம் இருக்கிறது.